மீன்தொட்டிக்கு ஒரு விடியலும் ஓர் அந்தியும்

வீட்டுக் கைவேலைப் பகுதி



வீட்டிலேயே செய்து பயன்பெறத்தக்க சிறு கருவியொன்றைப் பற்றி மாதந்தோறும் இப்பகுதியில் பேசி வருகிறோம். இம்மாதம் எடுத்துக்கொண்டிருப்பது, மீன்தொட்டியின் எல்.ஈ.டி. விளக்கைக் குறித்த நேரத்தில் மெல்ல மெல்ல ஏற்றி, மெல்ல மெல்லத் தணிக்கும் தானியங்கிக் கருவி. ‘மீன்தொட்டி ஒரு பொழுதுபோக்கு, அதற்கு இத்துணை ஏற்பாடு வேண்டுமா?’ என்று சிலர் வினவக்கூடும். வேண்டும் என்பதற்கான காரணத்தை முதலிற் சொல்லி, செய்முறையைப் பின்னர்ச் சொல்கிறேன்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இருப்பது ஓரிரு அறைகளே. முற்றமில்லை, கிணறில்லை, குளக்கரையுமில்லை. ஊரில் குளப்படியில் நின்று கெண்டை துள்ளக் கண்டவர்களின் பிள்ளைகளுக்கு, இங்கே சுவரோரத்தில் வைத்த இரண்டடிக் கண்ணாடித் தொட்டியே குளம். 1951ஆம் ஆண்டில் மரைன் டிரைவில் திறக்கப்பட்ட தாராபூர்வாலா மீன்காட்சிச்சாலையைச் சிறுவயதிற் கண்டு, அந்த ஆசையிலேயே தொட்டி வாங்கி வைத்த பெரியோர்களும் நம்மிடையே உண்டு.

குளத்திற்குச் சூரியன் உண்டு. தொட்டிக்கோ சூரியன் நாமே. சுவரிலுள்ள விசையைத் தட்டினால் அங்கே பகல். மீண்டும் தட்டினால் இரவு. இந்தச் சூரியன் ஒழுங்காக உதிக்கின்றானா என்பதுதான் கேள்வி. குடும்பத் தலைவர் ஒரு வாரம் பகற்பணி, மறுவாரம் இரவுப்பணி. இல்லத்தரசியாரும் அலுவலகம் செல்பவர். அவர் வந்து சேரும் நேரம் மின்ரெயிலின் கையில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளியும் தனிப்பயிற்சியும். ஆகவே தொட்டியில் ஒருநாள் காலை ஏழு மணிக்கே விடிகிறது. மற்றொருநாள் மாலை ஏழு வரை விடிவதில்லை. விளக்கை அணைக்க மறந்த நாளில் இரவே வருவதில்லை. பயணச்சீட்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாக முறைப்பணி பார்ப்பவன் என்ற வகையில், பகலும் இரவும் இப்படி இடம் மாறினால் உடல் படும் பாட்டை நான் நன்கறிவேன். நமக்காவது மாதச் சம்பளம் என்றொரு காரணம் உண்டு. வாயில்லாப் பிராணிக்கு அதுவும் இல்லை.

மீனின் கண்

திடீரென்று விளக்கெரிந்தால் மீன்கள் சிதறியோடிக் கண்ணாடியில் முட்டுவதைக் கண்டிருப்பீர்கள். சில மீன்கள் துள்ளித் தொட்டிக்கு வெளியேயும் விழுந்துவிடும். இருட்டறையில் நம்மீது வெளிச்சம் பாய்ந்தால் இமையை மூடிக்கொள்கிறோம். கண்பாவையும் கணத்திற் சுருங்கிவிடுகிறது. நாம் வளர்க்கும் மீன்களுக்கு இமை கிடையாது. அவற்றின் கண்பாவை நம்முடையதைப்போல் சுருங்கி விரிவதுமில்லை. விழித்திரையிலுள்ள ஒளியுணர் அணுக்களும் அவற்றைச் சூழ்ந்த கருநிறத் துகள்களும் மெதுவாக இடம் பெயர்ந்தே அவற்றின் கண் வெளிச்சத்திற்குப் பழகுகின்றது. அந்த மாற்றம் நிறைவுறப் பல நிமிஷங்கள் செல்லும். அரைமணிக்கு மேற்படுவதும் உண்டு. இயற்கையில் இதனால் தொல்லையில்லை. வைகறையும் அந்தியும் அந்த அவகாசத்தைத் தாமே அளிக்கின்றன. விசையைத் தட்டும் நம் விரல் அதனை அளிப்பதில்லை.

செடிகளின் நிலை வேறு. பள்ளிக்கூடத்தில் ஹைட்ரில்லாச் செடியை நீரிலிட்டு வெயிலில் வைத்து, அதினின்று பிராணவாயுக் குமிழிகள் எழுவதைக் கண்ட சோதனை பலருக்கு நினைவிருக்கும். தொட்டியிலுள்ள செடியும் ஒளி உள்ளபோதே அவ்வாறு உணவாக்குகிறது. எட்டு மணி நேர ஒளி அதற்குப் பெரும்பாலும் போதும். மிகுதியாக ஒளி தந்தால் அந்த மிகுதியைத் தின்று வளர்வது பாசியே. கண்ணாடி பச்சை பூத்து, இலைகளின்மேல் கரும்படலம் படிந்து, தொட்டியைச் சுரண்டிச் சுரண்டிச் சலித்துப்போய்ப் பலர் அதைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிடுகின்றனர். அவற்றுட் பல தொட்டிகள் கெட்டது கவனக்குறைவால் அன்று, மிதமிஞ்சிய விளக்கால்.

ஆகவே தொட்டிக்கு வேண்டியவை இரண்டு: நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒளி, அவ்வொளியும் படிப்படியாக வந்து படிப்படியாகப் போதல். கடையில் விற்கும் சாதாரண ‘டைமர்’ முதலாவதைச் செய்யும். அதுகூட இல்லாத வீட்டிற்கு அதுவே பேருதவி. இரண்டாவதையும் செய்யவல்ல கருவியைத்தான் நாம் இப்போது உருவாக்கப் போகிறோம்.

ஒளியைக் குறைப்பது எங்ஙனம்?

மின்விசிறிக்குள்ள ரெகுலேட்டரை விளக்கின் இணைப்பிற் பொருத்தினால் என்ன என்று தோன்றலாம். கூடாது. எல்.ஈ.டி. பட்டைக்கு 12 வோல்ட் தரும் அடாப்டர் அந்த முறைக்கு ஏற்றதன்று. விளக்கு துடிதுடிக்கும், அடாப்டரும் பழுதாகும். இடையே ஒரு மின்தடையை வைத்து ஒளியைக் குறைக்கலாம். ஆனால் குறைத்த சக்தியெல்லாம் அத்தடையில் வெப்பமாக வீணாகும்.

எங்கள் ரெயில்வேயிலும் இதே பாடம் உண்டு. நம் நாட்டின் முதல் மின்ரெயில் 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் இந்நகரில், அந்நாளைய விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய பழைய வண்டிகள், புறப்படும்போது மின்தடைகளை இடையிட்டு, வேகம் கூடக்கூட அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு சென்றன. நிலையத்திற்கு நிலையம் நின்று புறப்படும் வண்டியில் அத்தடைகள் சிந்திய வெப்பம் கொஞ்சமன்று. பின்னாளில் வந்த வண்டிகள் மின்சாரத்தைத் தடுப்பதில்லை. குறைகடத்தி விசைகளைக் கொண்டு நொடிக்குப் பன்முறை வெட்டி வெட்டித் தருகின்றன. புறநகர்த் தடங்கள் யாவும் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்திற்கு 2016க்குள் மாறிவிட்டன. வெட்டித் தரும் தத்துவமோ நிலைத்துவிட்டது.

நம் தொட்டி விளக்கிற்கும் அதே தத்துவம்தான். ஒரு நொடியில் ஏறத்தாழ 490 முறை விளக்கை ஏற்றி அணைக்கிறோம். ஒவ்வொரு முறையிலும் பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைந்திருந்தால் சராசரி ஒளி பாதி. நாலில் ஒரு பங்கு நேரமே எரிந்தால் கால்பங்கு. நம் கண்ணுக்கு இது துடிப்பாகத் தோன்றாது; மங்கலான சீரொளியாகவே தெரியும். எல்.ஈ.டி. கணத்தில் ஒளிர்ந்து கணத்தில் அணைவதால் இம்முறைக்கு மிகவும் ஏற்றது. இதனைத் துடிப்பகல முறை என்பர்.

இந்த ஏற்றி அணைக்கும் வேலையைச் செய்வது ‘மைக்ரோகண்ட்ரோலர்’ எனும் நுண்கட்டுப்பாட்டுச் சில்லு. கணக்கிடும் பகுதி, நினைவுப் பகுதி, வெளியுலகோடு பேசும் கால்கள் ஆகிய மூன்றும் ஒரே சில்லில் அடங்கியது அது. இத்தாலி நாட்டின் இவ்ரியா நகரில் 2005ஆம் ஆண்டு மாணவர்களுக்கென்றே தோற்றுவித்த ‘ஆர்டுயினோ’ பலகைகள், மின்னணுவியல் கல்லாதவர்க்கும் இதனை எட்டும் பொருளாக்கின. மெட்ரிக்குலேஷனோடு படிப்பை முடித்த நானே மாலைநேரங்களில் பயின்று கையாளுகிறேன் என்றால், நேயர்களின் பிள்ளைகளுக்கு இது எம்மாத்திரம்!

வேண்டிய பொருள்கள்

இரண்டடித் தொட்டிக்கான கணக்கைத் தருகிறேன். மின்னணுப் பொருள்கள் லேமிங்டன் சாலைக் கடைகளிலும், மீனும் செடியும் கிராஃபர்ட் மார்க்கெட்டிலும் கிடைக்கும். பிற நகரத்து நேயர்கள் தில்லியில் லாஜ்பத்ராய் மார்க்கெட்டிலும், கொல்கத்தாவில் சாந்தினியிலும், ஊருக்குப் போகுங்கால் சென்னை ரிட்சி தெருவிலும் வாங்கலாம்.

1. ஆர்டுயினோ நானோ பலகை – 1.

2. 12 வோல்ட் வெள்ளை எல்.ஈ.டி. பட்டை, ‘5050’ வகை, மீட்டருக்கு 60 விளக்குகள் கொண்டது – 1 மீட்டர். இதனை 50 சென்டிமீட்டர் கொண்ட இரு வரிசையாக வெட்டுக. மூன்று விளக்குகளும் ஒரு சிறு தடையும் சேர்ந்தது ஒரு தொகுதி. எனவே ஐந்து சென்டிமீட்டருக்கொரு முறை குறியிட்டுள்ள இடத்திலேயே வெட்டலாம், வேறிடத்தில் ஆகாது.

3. 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர், பி.ஐ.எஸ். பதிவெண் பொறித்தது – 1.

4. ‘ஐ.ஆர்.எல்.இசட். 44 என்’ எனும் மாஸ்ஃபெட் – 1.

5. ‘டி.எஸ். 3231’ கடிகாரப் பலகை – 1.

6. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் ‘எல்.எம். 2596’ பலகை – 1.

7. 220 ஓம் தடை ஒன்று, 10,000 ஓம் தடை ஒன்று.

8. 2 ஆம்பியர் ஃபியூஸ், அதற்குரிய கூடு, துளைப்பலகை, கம்பி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, பட்டையை ஒட்டுவதற்கு அலுமினியச் சட்டம்.

யாவும் சேர்ந்து 1,000 முதல் 1,500 ரூபாய்க்குள் அடங்கும். சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் இல்லாதவர் அண்டை வீட்டில் இரவல் பெறலாம்.

இப்பட்டை மீட்டருக்கு 14.4 வாட் கொள்ளும், அதாவது 1.2 ஆம்பியர். அடாப்டர் தன் வலிமையில் பாதிக்கும் குறைவாகவே உழைப்பதால் சூடாகாது, நெடுநாள் உழைக்கும். மின்செலவு மாதத்திற்கு ஏறத்தாழ 3 யூனிட்.

மாஸ்ஃபெட் வாங்கும்போது எண்ணைச் சரிபார்த்தே வாங்குக. கடைக்காரர் ‘ஐ.ஆர்.எஃப். 540’ என்பதைக் கொடுத்து, இரண்டும் ஒன்றே என்பார். அது முழுமையாகத் திறக்க 10 வோல்ட் வேண்டும். நம் பலகை தருவது 5 வோல்ட்டே. அரைகுறையாகத் திறந்து அது சூடேறும். ‘44 என்’ வகை 5 வோல்ட்டிலேயே நன்கு திறக்கும். அதில் வீணாவது 40 மில்லிவாட்டுக்கும் குறைவு. குளிர்விக்கும் தகடும் வேண்டியதில்லை.

இணைக்கும் முறை

முதலில், 5 வோல்ட்டாக இறக்கும் பலகையைத் தனியே அடாப்டரோடு இணைத்து, மல்டிமீட்டரைப் பார்த்தவாறே அதன் திருகைத் திருப்பி, சரியாக 5 வோல்ட்டில் நிறுத்துக. இதனைச் செய்யாமல் நானோவோடு இணைத்தால் பலகை கருகிவிடும். நிறுத்திய பின்னர் அதன் வெளியீட்டை நானோவின் ‘5 வி’ காலுக்கும் ‘ஜி.என்.டி.’ காலுக்கும் கொடுக்க.

அடாப்டரின் நேர்முனை, ஃபியூஸ் வழியாக, எல்.ஈ.டி. பட்டையின் நேர்முனைக்குச் செல்க. பட்டையின் எதிர்முனை மாஸ்ஃபெட்டின் நடுக்காலுக்கு. எழுத்துப் பொறித்த பக்கம் நம்மை நோக்கியிருக்க, வலக்கால் அடாப்டரின் எதிர்முனைக்கு. இடக்காலே வாயில், நானோவின் 9ஆம் காலிலிருந்து 220 ஓம் தடை வழியாக இதற்கு ஒரு கம்பி. இடக்காலுக்கும் வலக்காலுக்கும் குறுக்கே 10,000 ஓம் தடை. இந்தத் தடை சிறிதாயினும் இன்றியமையாதது. மின்சாரம் வந்து நானோ விழித்தெழும் அந்த ஓரிரு நொடிகளில் 9ஆம் கால் எதற்கும் கட்டுப்படாது இருக்கும். அப்போது வாயிலை மூடி வைப்பது இத்தடையே. இது இல்லையேல், மின்தடை நீங்கும் ஒவ்வொரு முறையும் விளக்கு பளிச்சென்று மின்னி மீன்களை வெருட்டும்.

கடிகாரப் பலகையின் ‘எஸ்.டி.ஏ.’ கால் நானோவின் ‘ஏ4’க்கும், ‘எஸ்.சி.எல்.’ கால் ‘ஏ5’க்கும் செல்க, மின்சாரம் 5 வோல்ட். இக்கடிகாரம் ஆண்டிற்கு ஏறத்தாழ ஒரு நிமிஷமே பிசகும். ரெயில் நிலையக் கடிகாரத்திற்குக்கூட இதைவிட அதிகம் கேட்கமாட்டோம்! மின்சாரம் இல்லாதபோதும் ஒரு பொத்தான் மின்கலத்தால் அது ஓடிக்கொண்டிருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: மலிவான பலகைகள் சிலவற்றில் அம்மின்கலத்திற்கு மின்னேற்றும் தடம் இருக்கும். ‘சி.ஆர். 2032’ மின்கலம் மின்னேற்றத்தக்கதன்று. ஏற்றினால் வீங்கிப் பழுதாகும். அத்தடத்திலுள்ள சிறு டயோடைக் கழற்றிவிட்டே மின்கலத்தை இடுக.

எல்லா எதிர்முனைகளும் ஒன்றாகச் சேர வேண்டும் என்பதை மறவற்க. நிரலை ஏற்றக் கணினிக் கம்பியைச் செருகும் வேளையில் 12 வோல்ட் அடாப்டரை அகற்றி வைக்க.

நிரலின் போக்கு

நிரல் என்பது கருவிக்கு நாம் எழுதிக்கொடுக்கும் கால அட்டவணை. ரெயில்வே வழக்கப்படி 24 மணிக் கணக்கில் என் தொட்டியின் அட்டவணை இது:

14.00 – விடியல் தொடக்கம்
14.45 – முழு ஒளி
21.15 – அந்தி தொடக்கம்
22.00 – இருள்

ஏன் பிற்பகலில் விடிகிறது என்று வியக்க வேண்டாம். வீட்டார் அனைவரும் மாலையிலேதான் கூடுகின்றனர். மீன்களின் பகல் அப்போதே நடக்கட்டும். நாள்தோறும் மாறாதிருக்குமாயின் மீனுக்கும் செடிக்கும் அது எந்நேரமாயினும் ஒன்றே. தொட்டியின்மேல் நேர்வெயில் படும் வீடாயின் மட்டும், வெயில் படும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க.

நிரல் செய்ய வேண்டியது இவ்வளவே. கடிகாரத்தைப் படித்து, நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி ஆயிற்று என்று காண வேண்டும். விடியலுக்கு முன்பும் இருளுக்குப் பின்பும் படி 0. முழு ஒளியில் படி 255. இடைப்பட்ட 45 நிமிஷங்களில், கடந்த நொடிகளை 2,700ஆல் வகுத்து 255ஆல் பெருக்கினால் அப்போதைய படி. ஏறத்தாழ பத்தரை நொடிக்கொரு படி உயரும்.

ஆனால் இந்தப் படியை அப்படியே விளக்கிற்குத் தரலாகாது. நம் கண் ஒளியை நேர்க்கணக்கில் உணர்வதில்லை. நேராக ஏற்றினால், தொடக்கத்தில் சட்டென்று வெளிச்சமாகிவிட்டுப் பின்னர் ஒன்றுமே மாறாதது போலத் தோன்றும். ஆகவே படியைப் படியாலேயே பெருக்கி 255ஆல் வகுத்து, அந்த எண்ணை விளக்கிற்கு அனுப்புக. பாதி வழியில் 127ஆம் படியில் விளக்கிற்குச் செல்வது 63, அதாவது கால்பங்கு ஒளி. கண்ணுக்கு அது ஏறக்குறைய பாதியாகத் தோன்றும். உண்மையான வைகறை போன்ற தோற்றம் இதனாலேயே வாய்க்கிறது.

இவ்விடத்தில் புதியவர்கள் இடறுவதுண்டு. நானோவில் சாதாரண முழுஎண் அறை 32,767க்கு மேல் கொள்ளாது. 181ஐ 181ஆல் பெருக்கினால் 32,761, அது கொள்ளும். 182ஐ 182ஆல் பெருக்கினால் 33,124, அது கொள்ளாது. எனவே 32ஆம் நிமிஷம் வரை அழகாக விடிந்து வந்த தொட்டியில் திடீரென்று ஒளி தாறுமாறாகும். கம்பியிலும் சில்லிலும் குற்றம் தேடி இரவெல்லாம் விழிப்போர் பலர். பெருக்கலுக்கு ‘லாங்’ எனும் பெரிய எண் அறையை நியமித்தால் இத்தொல்லை இல்லை. 2,700ஆல் வகுக்கும் முந்திய கணக்கிலும் முதலில் பெருக்கிப் பின்னர் வகுக்க. அங்கும் பெரிய அறையே வேண்டும்.

இன்னுமொரு வரி சேர்க்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மின்சாரம் நின்று எட்டரைக்கு வந்தால், கடிகாரத்தைப் படித்தவுடன் நிரல் ‘இது முழு ஒளி நேரம்’ என்று விளக்கை ஒரேயடியாக ஏற்றிவிடும். அதைத் தடுக்க, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குச் செல்வதாயினும் இரண்டு நொடிக்கு ஒரு படிக்கு மேல் நகரலாகாது என்று விதிக்க. அப்போது இருளிலிருந்து முழு ஒளிக்கு வர எட்டரை நிமிஷம் ஆகும்.

மிக மங்கலான படிகளில் ஒளி துள்ளித் துள்ளி ஏறுவதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். 1இலிருந்து 2க்குப் போவது இருமடங்கல்லவா? 9ஆம் காலை இயக்கும் உட்கடிகாரம் இன்னும் நுண்ணிய அளவைக்கும் இடந்தரும். 255க்குப் பதிலாக 1,023 படிகள் அமைத்தால் துள்ளல் மறையும். கருவி ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு, ஓய்வில் இதைச் செய்து பார்க்கலாம்.

நீரும் மின்சாரமும்

இப்பகுதியை மட்டும் எவரும் தாண்டிச் செல்ல வேண்டாம். நீரும் 230 வோல்ட் மின்சாரமும் அருகருகே இருக்கும் இடம் மீன்தொட்டி. பிள்ளைகள் கைவிட்டு விளையாடும் இடமும் அதுவே.

தொட்டியின்மேல் வருவது 12 வோல்ட் மட்டுமே. அடாப்டரும் நம் பெட்டியும் தொட்டிக்குப் பக்கவாட்டில், நீர் தெறிக்காத உயரத்தில், சுவரில் இருக்க வேண்டும். தொட்டிக்கு நேர்மேலே கூடாது. பட்டைக்கும் நீருக்கும் இடையே கண்ணாடி மூடி அவசியம். நீராவி பட்டு வெட்டிய முனைகள் பச்சை பூத்து அரித்துப்போகும். ஆகவே முனைகளைச் சிலிக்கோன் பசையால் அடைக்க.

தொட்டியிலிருந்து வரும் எந்தக் கம்பியும் நேரே செருகிக்கு ஏறலாகாது. செருகிக்குக் கீழே ஒரு சாண் தொங்கி, பின்னரே மேலேற வேண்டும். கம்பிவழி வழிந்து வரும் நீர்த்துளி அந்தத் தாழ்விடத்திலேயே சொட்டிவிடும், மின்சாரத்தைச் சென்றடையாது. செலவில்லாத இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும்.

நாம் செய்த கருவி 12 வோல்ட்டில் இயங்கினாலும், நீர்வடிகட்டியும் வெப்பமூட்டியும் பெரும்பாலும் 230 வோல்ட்டில் இயங்குவன. ஆகவே வீட்டின் மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்க. வாடகை வீடாயின் வீட்டுக்காரரைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நிலத்தொடர்புக் கம்பி உயிரோடிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கச் சொல்க. தொட்டிக்குள் கைவிடுமுன் எல்லாச் செருகிகளையும் பிடுங்கிவிடுவது வீட்டின் சட்டமாகட்டும். பெரியவர்கள் அச்சட்டத்தை மீறினால் பிள்ளைகளும் மீறுவர்.

கருவியைச் செய்தவுடன் தொட்டிமேல் ஏற்றவேண்டாம். ஒருநாள் முழுவதும் மேசைமேல் ஓடவிடுக. முழு ஒளியில் ஒருமணி நேரம் கழித்து மாஸ்ஃபெட்டையும் அடாப்டரையும் தொட்டுப் பார்க்க. கைபொறுக்காத சூடிருந்தால் எங்கோ இணைப்பு தவறு. இடையே மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்து, ஒளி மெல்லவே திரும்புகிறதா என்றும் பார்க்க.

கண்டு திருத்துதல்

கருவி அட்டவணையைக் காக்கும். அட்டவணை சரியா என்பதைத் தொட்டிதான் சொல்லும். புதிதாக அமைத்த தொட்டிக்கு முதற் சில வாரங்கள் ஆறு மணி நேரமே ஒளி தருக. கண்ணாடியில் பச்சை கூடினால், நேரத்தை ஒருமணி குறைக்க. அல்லது உச்ச ஒளியை 255இலிருந்து 150க்கு இறக்குக. செடி வெளிறி நெடுநெடுவென்று மேலோங்கினால் ஒளி போதவில்லை என்க. ஒரு மாற்றம் செய்தபின் இரண்டு வாரம் பொறுத்தே அடுத்ததைச் செய்க. இரவில் நீலவிளக்கு எரியவிடுவோர் உண்டு. பார்ப்பதற்கு அழகாயினும், இருள் மீனுக்கு ஓய்வு. நமக்காக அதைக் கெடுக்க வேண்டாம்.

மீன்களின் நடத்தையிலும் மாறுதலைக் காணலாம். என் தொட்டியிலுள்ள வரிக்குதிரை மீன்கள் நம் நாட்டு நீர்நிலைகளுக்கே உரியவை. கங்கை மீன்களைப் பற்றி ஃபிரான்சிஸ் ஹாமில்டன் என்பார் 1822ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் முதன்முதல் விவரிக்கப்பட்டவை. இன்று உலகெங்கும் ஆராய்ச்சிச்சாலைகளில் வளர்க்கப்படுபவை. அவை வைகறையில் முட்டையிடும் இயல்பின. பொழுது விடியும் விதம் அவற்றின் வாழ்வோடு எத்துணைப் பிணைந்தது என்பதை இதிலிருந்தே உணரலாம்.

நேயர்களே, இக்கருவியை ஆயத்தமாகவும் கடையில் வாங்கலாம். விலை சற்றுக் கூடும், அவ்வளவே. ஆயினும் பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு செய்வதில் வேறொரு பயன் உண்டு. ஓர் உயிரைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தால், அதன் பகலுக்கும் இரவுக்கும் நாம் பொறுப்பாளிகள் என்பதை அவர்கள் சொற்களாலன்றிக் கைகளால் கற்கின்றனர். வேலை நேரம் நம் கையில் இல்லாத இந்நகரத்து வாழ்க்கையில் அந்தப் பொறுப்பை நிறைவேற்ற நமக்கு ஒரு துணை தேவைப்படுகிறது. அத்துணையே இந்தச் சில்லு. தொட்டியைத் துடைப்பதும், நீரை மாற்றுவதும், உணவை அளந்திடுவதும் முன்போல் நம் வேலையே. அவற்றைச் சில்லிடம் விட முடியாது.

செய்து பார்த்த அன்பர்கள் தங்கள் அட்டவணையையும், தொட்டியின் அளவையும், மூன்று மாதம் கழித்துச் செடிகள் இருக்கும் நிலையையும் ஆசிரியர் முகவரிக்கு எழுதுக. பிறருக்குப் பயன்படுவன இப்பகுதியில் இடம்பெறும். அடுத்த மாதம், நீண்ட விடுமுறையில் ஊருக்குச் செல்லும் குடும்பத்தார் தம் மீன்களையும் செடிகளையும் விட்டுச் செல்லும் முறைகளைப் பற்றிக் காண்போம்.